பெயர் தெரியாத தெய்வம்

"தமிழ் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்னும் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லியே நமக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கேட்பவர் மீது நமக்குக் கோபமில்லை. வானம் பார்த்த பூமி மிகுந்த ஜில்லா இது. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். படிப்பு என்றால் மாதச் சம்பளம் என்று பெற்றோர் பொருள் கொள்வதில் பிழை என்ன?

ஆயினும், சென்ற மாதம் இக்கேள்வியோடு வந்த ஒருவர் நம்மைத் திணற வைத்துவிட்டார். இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர் அவர். அவருடைய மகள் நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு வாசிக்கிறாள், கெட்டிக்காரி. அவள் செவிலியர் படிப்புக்குப் போவாள் என்று வீட்டார் மனக்கோட்டை கட்டியிருக்க, அவளோ, "கல்வெட்டுப் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"நீங்கள்தான் ஐயா அவள் மனசைக் கலைத்தது. நீங்களே திருப்பிவிடுங்கள்" என்றார்.

குற்றச்சாட்டு உண்மைதான். புறநானூறு நடத்தும் நாளில் நாம் பாடப் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். சங்கப் புலவர் சொன்ன தகடூர் நம் தருமபுரி அல்லவா? ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் அல்லவா? அசோகருடைய சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்றொரு மரபினரும் குறிக்கப்படுகின்றனர். அவர் யார் என்று பண்டிதர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், ஒரு குகையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒற்றை வரி கண்டெடுக்கப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி அவ்விடத்தைத் தானமளித்தான் என்பது அதன் பொருள். புலவர் பாடிய வள்ளலும் பேரரசர் குறித்த மரபும் அந்த ஒரு வரியில் ஒன்றாகிவிட்டனர்.

அரசர் கதை போகட்டும். அந்தப் பெண்ணின் மனத்தைக் கலைத்தது ஒரு நாயின் கதை. மந்தையைக் காக்கப் போரிட்டு மடிந்த சாமானியர்களுக்கு இப்பக்கத்தில் நடுகற்கள் ஏராளம். இன்ன அரசனின் இத்தனையாம் ஆண்டில் இன்னான் 'பட்டான்', அதாவது இறந்தான், என்று வட்டெழுத்தில் பொறித்திருப்பார்கள். அண்டையிலுள்ள செங்கம் பகுதியில், எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து இறந்தவன் பெயரோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் பெயரும் அதில் இருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். 1300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் அழியவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பட்டம் பெற்ற வயதில் நமக்கும் இதே ஆசை இருந்தது. "முதலில் ஒரு நிலையான வேலை, கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் வீட்டில். வேலை வந்தது, அந்தப் 'பிறகு' வரவே இல்லை. நம்முடைய நிறைவேறாத ஆசையைப் பிறர் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டோமோ?

ஆகவே மறுநாள் அவரிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னோம். மாநிலத் தொல்லியல் துறையார் கல்வெட்டியலில் பட்டயப் படிப்பு நடத்துகின்றனர். ஆனால் ஒரு பட்டம் பெற்ற பிறகே அதில் சேரலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அதற்கென ஒரு துறை உண்டு. இடங்கள் சொற்பம், உத்தியோகங்கள் அதனினும் சொற்பம். செவிலியர் தொழிலோ எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

"வேலைக்கு உத்தரவாதம் உண்டா ஐயா?"

"இல்லை" என்றோம். இதே ஜில்லாவில், பாப்பாரப்பட்டியில், பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கனவு கண்டார் சுப்பிரமணிய சிவா. 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925-இல் சிவா மறைந்தார். அங்கே நினைவாலயம் எழ ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று. இது நம் நாவின் நுனி வரை வந்தது. ஆனால், துறவியின் துணிவைக் குடும்பஸ்தரிடம் எதிர்பார்ப்பது நியாயமா? சொல்லாமல் விழுங்கிவிட்டோம். "ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வேடியப்பன் கோயிலுக்கு அவளை அழைத்துப் போங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

நாமும் உடன் சென்றோம். எண்ணெயும் மஞ்சளும் படிந்த பழைய நடுகல்தான் அங்கே தெய்வம். வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிய வட்டெழுத்து அட்டவணையை அந்தப் பெண் பிரதி செய்து கொண்டு வந்திருந்தாள். பூசாரியின் அனுமதி பெற்று, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் எழுத்துக் கூட்டினாள். அகப்பட்டது ஒரே சொல்.

"பட்டான் என்று இருக்கிறது அப்பா. இறந்தான் என்று அர்த்தம். மாட்டை மீட்கப் போய் இறந்தவர்களுக்குத்தான் அநேகமாக இப்படிக் கல் வைப்பார்கள்."

"பேர் என்ன?"

"தேய்ந்திருக்கிறது. எனக்கு இன்னும் அவ்வளவு படிக்கத் தெரியவில்லை."

அவர் கல்லைச் சுற்றி வந்தார். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பொங்கல் வைக்கிறோம். பேர் தெரியாமலே கும்பிட்டிருக்கிறோம்" என்றார்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. செவிலியர் படிப்பு, தமிழ்ப் பட்டப்படிப்பு ஆகிய இரண்டின் விவரங்களையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். எது வெல்லும் என்று நமக்குத் தெரியாது. எது வென்றாலும் அந்தப் பெண்ணை வாழ்த்துவோம். ஆனால், நேற்றுப் பள்ளி வாசலில் நம்மைக் கண்டதும் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது, நாம் இத்தனை ஆண்டுகளில் எந்தப் பெற்றோரிடமும் கேட்டிராத கேள்வி.

"அந்தப் பேரைப் படிக்க எத்தனை வருஷம் படிக்க வேண்டும் ஐயா?"