நோட்டில் இருந்த குருவி

வெனிசுலா 2008ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 100 பொலிவார் நோட்டின் ஒரு பக்கத்தில் விடுதலை வீரர் சிமோன் பொலிவார். மறுபக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு குருவி. 2016 டிசம்பரில் அந்த நோட்டு செல்லாது என்று அரசு அறிவித்தபோது (நம் ஊர் அறிவிப்பு வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அங்கே பிறகு பலமுறை கெடுவை நீட்டித்தார்கள்) கறுப்புச் சந்தையில் அதன் மதிப்பு சில அமெரிக்க சென்ட்டுகள். குருவியின் கதை நேர் எதிரானது. அதற்கு விலை கூடிப்போனதுதான் வினை.

கார்தெனாலித்தோ என்று ஸ்பானிய மொழியில் அழைக்கிறார்கள். 'குட்டி கார்டினல்' என்று பொருள். கத்தோலிக்க கார்டினல்கள் அணியும் செவ்வங்கி நினைவுக்கு வந்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். தமிழில் பெயர் கிடையாது. 'செந்தினைக்குருவி' என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன். கார்டினலின் மிடுக்கு வரவில்லை. எனவே கார்தெனாலித்தோவே இருக்கட்டும்.

மொத்த நீளமே 10 செ.மீ. ஆணுக்குக் கறுப்புத் தலை, கறுப்புத் தொண்டை. உடல் முழுக்கக் கனலும் சிவப்பு. பெண் சாம்பல் நிறம். மார்பிலும் வால் தொடக்கத்திலும் மட்டும் கொஞ்சம் செம்மை பூசியதுபோல் இருக்கும். வெனிசுலாவின் வடக்கு மலைச் சரிவுகளிலும் கொலம்பியாவின் வடகிழக்கு மூலையிலும் வாழ்கிறது. ஒரே இடத்தில் தங்குவதில்லை. ஈரக் காட்டுக்கும் வறண்ட புதர்வெளிக்கும் இடையே, விதை எங்கே முற்றியிருக்கிறதோ அங்கே போகும். கூடு உயரமான மரத்தில். அடைகாப்பது பெண்ணின் வேலை. அப்போது அதற்கு இரை கொண்டுவந்து ஊட்டுவது ஆண். ஒரு காலத்தில் பெரும் கூட்டமாகப் பறந்தவை. இப்போது ஜோடியாகவோ நாலைந்தாகவோ கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம்.

காடு அழிந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஐரோப்பாவில் கூண்டுக்குள் இருந்த வேறொரு பறவை: கானரி.

கானரி எத்தனையோ தலைமுறைகளாக மஞ்சள். அதைச் சிவப்பாக்கிக் காட்டுகிறேன் என்று 1920களில் கிளம்பினார் ஜெர்மனியின் பிரெமென் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர். வெனிசுலாக் குருவியைக் கானரியோடு இணைத்தார். கலப்பினக் குஞ்சுகள் செம்பு நிறத்தில் பிறந்தன. அவற்றை மீண்டும் கானரியோடு சேர்த்தபோது ஆரஞ்சு வந்தது, சிவப்பு வரவில்லை. பறவைகளில் இப்படிக் கலப்பு செய்தவர், மனிதர்கள் விஷயத்தில் இன மேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளர் என்பது வேடிக்கைதான்.

டுங்கர் கவனிக்கத் தவறியது தீவனத்தை. இந்தச் சிவப்பு பாதி பரம்பரையில், பாதி சாப்பாட்டில். உணவிலிருந்து வரும் மஞ்சள் நிறமியை உடல் சிவப்பாக மாற்றுகிறது. மாற்றும் வேலையைச் செய்யும் மரபணுவை 2016ல்தான் அடையாளம் கண்டார்கள். அது இருந்தும் தகுந்த தீவனம் இல்லையென்றால், சிவப்புக் கானரி அடுத்த முறை இறகு உதிர்த்து முளைக்கும்போது வெளிறிவிடும்.

ஆனால் ஆசை பிறந்துவிட்டது. வலையும் கூண்டுமாக ஆட்கள் மலையேறினார்கள். குருவி பிடிப்பவர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே உத்தி: பிடித்து வைத்த ஒன்றைப் பாடவிட்டு, பாட்டுக்கு வருவதை மடக்குவது. இப்படிப் பழக்கிய விலங்கைப் 'பார்வை' என்று சொல்கிறது சங்கத் தமிழ். வெனிசுலா 1940களிலேயே பாதுகாப்புச் சட்டம் போட்டது. 1975ல் சர்வதேச வணிகமும் தடையானது. கடத்தல் நிற்கவில்லை. டிரினிடாட் தீவில் இந்தக் குருவி அற்றே போனது.

அதனால்தான் 2000ம் ஆண்டில் கயானாவின் தென்கோடியில், ருபுனுனிப் புல்வெளியில், அமெரிக்கப் பறவையியலாளர்கள் இதைக் கண்டபோது நம்ப முடியாமல் திகைத்தார்கள். அதுவரை தெரிந்த வாழிடத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தூரம்! செய்தியை உடனே வெளியிடவில்லை. வெளியிட்டால் மறுநாளே கூண்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள் என்ற பயம். ஆய்வுக் கட்டுரை வந்தது 2003ல். அதற்குள், 2002லேயே, உள்ளூர்க்காரர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அந்தப் புல்வெளி வாபிஷானா பழங்குடியினரின் பூர்வீக நிலம். குருவிகளைக் கண்காணித்துக் கணக்கெடுக்கும் பணியில் அவர்களும் இருக்கிறார்கள்.

வெனிசுலாவில் வேறு வழி. அங்கே நிழல் மரங்களை வெட்டாமல் காப்பி பயிரிடும் விவசாயிகளுக்குப் 'பறவை நேசக் காப்பி' என்ற சான்றிதழ் கிடைக்க உதவுகிறார்கள். மரம் நின்றால் கூடு நிற்கும் என்ற கணக்கு.

கூண்டுகளில் வளர்ப்பவற்றைக் காட்டில் விட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் டுங்கர் குறுக்கே நிற்கிறார். நூறு ஆண்டுக் கலப்பில் பல கூண்டுக் குருவிகளுக்குள் கானரியும் கலந்திருக்க வாய்ப்புண்டு. எது அசல் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும்.