பட்ஜெட் கேமிங் மானிட்டர்: எந்த எண்ணை நம்பலாம்?

சென்னை ரிச்சி தெருவில் போய் கேமிங் மானிட்டர் என்று கேட்டால் கடைக்காரர் எண்களை அடுக்குவார். "180 ஹெர்ட்ஸ் சார், 1 எம்எஸ் சார், ஹெச்டிஆரும் இருக்கு சார்." மூன்றையும் ஒரே அழுத்தத்தோடு சொல்வார். அதில் முதலாவது கண்ணுக்குத் தெரியும் பலன், இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது இந்த விலையில் வெறும் ஸ்டிக்கர். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயோடு கிளம்புகிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போனால் பணம் வீணாகாது.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை. விளையாட்டின் ஒவ்வொரு ஃபிரேமையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. வரைந்ததைக் காட்டுவதோடு மானிட்டரின் வேலை முடிந்தது. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், அதாவது முதலில் சொன்னதைப் போல நான்கு மடங்கு. ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 ரகக் கார்டை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் வாங்கினால் புது விளையாட்டுகள் திணறும். அந்தக் கார்டுகளுக்கு 1080 போதும்.

1080-க்கு ஏற்ற அளவு 24 அங்குலம். "27 வாங்கினா பெருசா இருக்குமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆனால் அதே 20.7 லட்சம் புள்ளிகள்தான் பெரிய திரையிலும் பரவிக் கிடக்கும். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் என்றால் 27-ல் 82தான். மேசையில் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பு சொரசொரப்பாகத் தெரியும். 27 வேண்டுமென்றால் 1440-க்குப் போங்கள், அதை இழுக்கும் கார்டும் இருந்தால்.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப் படம் காட்டுகிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9, 240-ல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம், இரண்டாவதில் மூன்றுகூட இல்லை. 60-லிருந்து 144-க்கு மாறினால் விளையாட்டையே திறக்க வேண்டாம், மவுஸ் அம்புக்குறி நகர்வதிலேயே தெரிந்துவிடும். 165-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசமோ அரை மில்லி விநாடி. அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

வேலரன்ட் போன்ற விளையாட்டுகள் சாதாரணக் கார்டிலும் விநாடிக்கு நூறு ஃபிரேமைத் தாண்டும். பெரிய கதை விளையாட்டுகள் ஐம்பது அறுபதில் ஏறி இறங்கும். அப்போது கார்டின் வேகமும் திரையின் வேகமும் பொருந்தாமல் படம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரியும். இதைச் சரிசெய்வதுதான் அடாப்டிவ் சிங்க். ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்கிறது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் டிரைவரில் இந்த வகை மானிட்டர்களுக்கு வழிவிட்டது. ஆகவே என்விடியாவின் ஜி-சிங்க் சிப் பதித்த விலையுயர்ந்த மானிட்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

குழப்பமெல்லாம் அந்த 1 எம்எஸ்ஸில், அதாவது 1 மில்லி விநாடியில்தான். பெட்டியில் அச்சிடும் இந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு வேறுபட்ட அளவைகள் இருக்கின்றன. ஒன்று ஜிடிஜி: ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். புள்ளிகளை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து, மிக வேகமாக நடக்கும் மாற்றத்தை அளந்து இதைப் போடுவது வழக்கம். அதே உச்சத்தில் வைத்து விளையாடிப் பாருங்கள், ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று கூடவே வரும். ஒரு படி குறைத்தால் மறைந்துவிடும். இன்னொன்று எம்பிஆர்டி: ஓடும் உருவம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் கலங்கித் தெரிகிறது என்ற அளவு. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு இதைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கோடு சேர்த்துப் பயன்படுத்தவும் முடியாது. எனவே இரண்டு மானிட்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்த எண் உதவாது.

திரையின் பேனல் வகைதான் உதவும்: விஏ அல்லது ஐபிஎஸ். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 அளவில், ஐபிஎஸ்ஸைவிட மூன்று மடங்கு. ஆனால் மலிவு விஏக்களில் இருட்டு நிறங்கள் மாறத் தாமதமாகும். விளையாட்டில் இருண்ட நடைபாதையில் திரும்பும்போது நிழல்கள் மை தீற்றியதுபோல் தெரியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதே முக்கியம் என்பவர் விஏ வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஐபிஎஸ்.

ஹெச்டிஆர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெசா அமைப்பின் தரவரிசையில் அடிப்படியான டிஸ்ப்ளேஹெச்டிஆர் 400, பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. அது இல்லாமல் பிரகாசமும் இருட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்காது. அந்தப் பணத்தை உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டுக்குக் கொடுங்கள், கழுத்து நன்றி சொல்லும்.

பணம் கட்டுமுன் கடையிலேயே திரையை முழுக் கறுப்பாகவும் முழு வெள்ளையாகவும் வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தரமாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பல சமயம் அது 60-லேயே நிற்கும். நீங்கள்தான் 144-க்கோ 165-க்கோ மாற்ற வேண்டும்.