பிரேக் நம் காலுக்கே கட்டுப்படட்டும்: கொள்கைப் பிரகடனம்

2015-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே, நெடுஞ்சாலையில் போன ஒரு ஜீப் செரோக்கியை இருவர் வீட்டில் உட்கார்ந்தபடி லேப்டாப்பால் ஆட்டிவைத்தார்கள். ஏ.சி. இரைந்தது, வைப்பர் ஆடியது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. நல்லவேளை, அந்த இருவரான சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஆய்வாளர்கள். ஓட்டியவரும் விஷயம் தெரிந்தே ஏறிய பத்திரிகையாளர். பாட்டுக் கேட்கும் கருவியின் செல்போன் இணைப்பு வழியாக நுழைந்து, பிரேக் வரை போய்விட்டார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டையை அடைக்கப் பென்டிரைவைத் தபாலில் அனுப்பியது நிறுவனம். தபாலில் வருவதையெல்லாம் வண்டியில் செருகலாம் என்று மக்களைப் பழக்கிவிட்டது தனிக் கூத்து!

கோளாறு ஆழத்தில் இருக்கிறது. காருக்குள் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ தடத்தை 1980களில் பாஷ் நிறுவனம் உருவாக்கியது. கட்டளை யாரிடமிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்று நம்பிய காலத்து ஏற்பாடு. அந்த வீட்டுக்குத்தான் பின்னால் சிம் கார்டு என்ற தெருவாசலைத் திறந்தார்கள். தானாக ஓடும் காரிலோ, தடுத்துத் திருப்ப ஓட்டுநரும் இருக்கமாட்டார்.

ஆகவே அறிவிக்கிறோம். பாட்டுத் திரையிலிருந்து பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வழி இருக்கக்கூடாது. தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருளை வண்டி ஏற்கக்கூடாது. அந்த ஜீப்பில் இந்தச் சோதனைகூட இல்லாததால்தான் அந்த ஆய்வாளர்களால் பாட்டுக் கருவியைத் தாண்டிப் பிரேக் வரை போக முடிந்தது. இணைய இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் உரிமையாளர் கைக்கு எட்ட வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்மீது வழக்குப் போடக்கூடாது. பாதுகாப்பைச் சாக்காக வைத்துத் தெருமுனை மெக்கானிக்கை வெளியே நிறுத்துவதையும் எதிர்ப்போம். பூட்டு போடுவது திருடனுக்கு எதிராகத்தான், பட்டறைக்கு எதிராக அல்ல.

வாகனங்களின் இணையப் பாதுகாப்புக்காக ஐ.நா. வகுத்த 155-ஆம் ஒழுங்குமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அது பொருந்தாது. பதினைந்து ஆண்டு ஓடும் காருக்கு ஐந்தாண்டில் அப்டேட் நின்றுபோனால், மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு?

எங்கள் முதல் வேலை ஷோரூமில் தொடங்குகிறது. இந்த வண்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கேட்போம். பதிலை எழுத்தில் தராத இடத்தில் முன்பணம் கட்டமாட்டோம்.