துப்பாக்கி தப்பானால் பயமும் தப்பு

போன வாரம் பேய்க் கோபுரத்துப் பக்கம் இருக்கிற நண்பன் ரூமில் நாலு பேர் சேர்ந்து ‘ஓவர்லார்ட்’ பார்த்தோம். பேய்க் கோபுரத்தடியில் பேய்ப் படம்! (வெளியூர்க்காரர்களுக்கு: அருணாசலேஸ்வரர் கோயில் மேற்குக் கோபுரத்துக்கு எங்க ஊரில் அதுதான் பேர்.)

2018ல் வந்த படம். ஜூலியஸ் ஆவரி டைரக்‌ஷன். 1944 ஜூன், நார்மண்டி தரையிறக்கத்துக்கு முந்தின ராத்திரி. ஒரு பிரெஞ்சு கிராமத்து சர்ச்சில் ஜெர்மன்காரன் வைத்திருக்கிற ரேடியோ டவரைத் தகர்க்க அமெரிக்க பாராசூட் வீரர்கள் சிலர் குதிக்கிறார்கள். சர்ச்சுக்கு அடியில் போனால் நாஜிகள் செத்தவனை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

நான் ரசித்தது பேயை அல்ல, துப்பாக்கிகளை. அமெரிக்கன் கையில் எம்1 கேரண்ட், தாம்சன். ஜெர்மன்காரன் கையில் எம்பி40. அந்தக் காலத்தில் யார் கையில் எது இருந்ததோ அது. இதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. ஒருத்தன் கேட்டான்: “டேய், செத்தவன் எந்திரிச்சு வர்றான், அதை நம்பிட்ட. துப்பாக்கி மட்டும் கரெக்டா இருக்கணுமா?”

ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில்தான் இது.

செத்தவன் எழுந்து வருவது பொய் என்று நமக்குத் தெரியும். அந்த ஒரு பொய் நிற்க வேண்டும் என்றால் சுற்றி இருக்கிற மற்றதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். எம்1 கேரண்டில் எட்டு ரவுண்டுதான். எட்டாவது வெடித்ததும் காலி க்ளிப் ‘ட்டிங்’ என்று வெளியே தெறிக்கும். அதற்கப்புறம் கையில் இருப்பது வெறும் கட்டையும் இரும்பும். எதிரே வருகிறவன் ஒன்பதாவது குண்டுக்குத்தான் சாவான் என்றால்? பயம் அங்கேதான் இருக்கிறது. தீராத துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு எந்தப் பேயும் பேய் இல்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஹாலிவுட் இல்லை, எங்க தாத்தா. போளூர் பக்கம் மல்லாட்டை போட்டிருந்த காலத்தில் காட்டுப்பன்னி தொல்லை. ஜவ்வாது மலையில் இருந்து ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கியோடு காவலுக்கு வருவாராம். குழாய் வாயில் மருந்து கொட்டி, துணியை அடைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் குத்திக் குத்திக் கெட்டிக்க வேண்டும். தாத்தா சொல்வார்: “சுடுறது பெரிசில்லடா. சுட்டுட்டு மறுபடி கெட்டிக்கிற வரைக்கும் பன்னி திரும்பாம இருக்கணும், அதுதான் பெரிசு.”

போர் என்பதும், பேய்ப் படம் என்பதும் அந்தக் கெட்டிக்கிற நேரம்தான். நம்ம சினிமா வெட்டி எறிகிற நேரமும் அதேதான்.

நம்ம சரித்திரப் படங்களை யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலம் என்றால் சிவப்புக் கோட்டும் நீளமான துப்பாக்கியும் போதும். 1800ஆ, 1857ஆ, 1930ஆ, யாருக்குக் கவலை? முன்வாய் வழியே கெட்டிக்கிற துப்பாக்கி தொடர்ந்து வெடிக்கும். கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய ரைஃபிளில் யாரும் போல்ட்டைத் தொட மாட்டார்கள். கரிமருந்து வெடித்தால் எதிரே இருப்பவன் முகமே தெரியாத அளவுக்குப் புகை வரும்; படத்தில் ஹீரோ முகம் பளிச்சென்று இருக்கும்.

“பட்ஜெட் பாஸ்” என்பார்கள். போல்ட்டை இழுக்கிற ஒரு ஷாட்டுக்கு என்ன பட்ஜெட்? புகைக்கு என்ன பட்ஜெட்? கனவுப் பாட்டுக்கே டன் கணக்கில் புகை விடுகிறவர்கள்தானே :-)

2024 பொங்கலுக்கு வந்த ‘கேப்டன் மில்லர்’ எனக்குப் பிடித்த படம், அதனால்தான் அதைச் சொல்கிறேன். 1930கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்த நம்மாள், சொந்த ஜனங்களையே சுடு என்று உத்தரவு வரும்போது என்ன செய்வான்? இதைவிடப் பெரிய கேள்வி ஒரு துப்பாக்கிப் படத்தில் இருக்க முடியாது. ஆனால் கடைசியில் வெடிக்கிற வெடியில் அந்தக் கேள்வியே காதில் விழவில்லை. ஒரு குண்டு கனத்தபோது இருந்த பயம், ஆயிரம் குண்டு பறந்தபோது இல்லை.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கிறது.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். சுட்டவர்கள் ஐம்பது பேர். வெடித்தது 1,650 ரவுண்டு. கையில் இருந்தது பாயின்ட் 303 லீ-என்ஃபீல்டு. பத்து ரவுண்டு கொள்ளும், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். கணக்குப் போடுங்கள்: ஆளுக்குச் சராசரியாக 33 குண்டு. அதாவது ஒவ்வொருவனும் குறைந்தது மூன்று தடவை நிறுத்தி, மறுபடி தோட்டா நிரப்பி, மறுபடி குறிவைத்திருக்கிறான். எதிரே சுவர் ஏறத் தவிக்கிற ஜனங்கள். சுட்டவர்கள் வெள்ளைக்காரர்களும் இல்லை. உத்தரவு போட்டவன்தான் ஜெனரல் டயர், விரல் நம் நாட்டுச் சிப்பாய்களுடையதும் கூர்க்காக்களுடையதும். இந்த இடத்தில் ஒரு மெஷின் கன்னை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஒரே அழுத்தலில் எல்லாம் முடிந்துவிடும். 1,650 தடவை ஒரு மனிதன் செய்த முடிவு, ஒரு மிஷின் செய்த வேலையாகிவிடும். துப்பாக்கியை மாற்றினால் குற்றமே மாறிவிடுகிறது.

பஞ்சாப் வரைக்கும் ஏன் போக வேண்டும்? இங்கே இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் செங்கம். 1767 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையைத் தாக்கினார்கள். சமாளித்த ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினான். அதே மாதக் கடைசியில் இங்கே மறுபடி சண்டை, கம்பெனிக்கு ஜெயம். அந்த நூற்றாண்டுச் சண்டைகளில் நம்ம கோயில் மதிலே கோட்டையாகவும் இருந்திருக்கிறது. கிரிவலம் போகிற லட்சம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தச் சிப்பாய் கையில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ வகை மஸ்கட். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, கிண்ணியில் கொஞ்சம் மருந்து, மீதியைக் குழாய்க்குள் கொட்டி, கிட்டத்தட்ட 17.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல் அடித்தால் தீப்பொறி. நல்ல பயிற்சி இருந்தால் நிமிடத்துக்கு மூன்று. நூறு மீட்டர் தாண்டினால் குறி என்ற பேச்சே இல்லை. மழை வந்தால் மருந்து நமத்துப்போகும். எதிர்ப்பக்கம் திரித்துப்பாக்கிகளும் ராக்கெட்டுகளும். இரண்டு பக்கமும் மண்ணில் விழுந்தது பெரும்பாலும் இந்த நாட்டு ஆள்தான். வாயில் கரிமருந்தோடு, இருபது விநாடி கையாலாகாமல் நின்ற ஆள்.

இதைவிட ஒரு பயங்கரப் படத்துக்கு என்ன வேண்டும்? பேயே வேண்டாம். பேய் வேண்டும் என்றாலும் புகைக்குள்ளே இருந்து வரட்டும். இருபது விநாடி இருக்கிறது, என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

நண்பன் இன்னொரு குண்டையும் போட்டான், நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஓவர்லார்ட்’ படத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பிரிவில் குதிக்கிறார்கள். நிஜத்தில் அமெரிக்க ராணுவம் அப்போது நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. அதை ஒழிக்க ட்ரூமன் உத்தரவு போட்டதே 1948ல்தான். துப்பாக்கி சரி, ஆள் கணக்கு தப்பு. ஒப்புக்கொள்கிறேன். எட்டு ரவுண்டை எண்ணத் தெரிந்தவர்கள், யாரை யாரோடு நிற்கவே விடவில்லை என்பதை மறைத்திருக்கக் கூடாது. என் வாதம் இதனால் உடையவில்லை, பலமாகிறது. துப்பாக்கி விவரம் போதும் என்று நான் சொல்லவில்லை. அது ஆரம்பம். துப்பாக்கியைச் சரியாகப் பார்க்கிறவன் அடுத்து அதைப் பிடித்திருக்கிற கையைப் பார்க்க வேண்டும்.

நம்ம க்ளாசில் குறும்படம் எடுக்கத் துடிக்கிற மூன்று பேருக்கு ஒரு வேண்டுகோள். சென்னை போகும்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கையில் ஏந்தி ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மற்றவர்களுக்கு வீட்டிலேயே வேலை. அடுத்த தடவை திரையில் ஹீரோ பழைய துப்பாக்கியைத் தூக்கும்போது விரல் விட்டு எண்ணுங்கள். அவன் எப்போது கெட்டிக்கிறான் என்று பாருங்கள். கெட்டிக்கவே இல்லை என்றால், அந்தப் படத்தில் நிஜமாகவே யாரும் சாகவில்லை.