சேர் சொன்ன பிறகு...

தலைமைத்துவம் பற்றிய நூல்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஊழியரை ஊக்குவிப்பது எப்படி, கூட்டத்தை நடத்துவது எப்படி என்றெல்லாம் அவை பாடம் நடத்துகின்றன. அவற்றுட் சிலவற்றை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால், எனக்கு அந்தப் பாடத்தை உண்மையில் புகட்டியவர் எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து ஆறு மாதங்கூட ஆகியிராத ஓர் இளைஞர்.

ஏறக்குறைய 20 வருடங்களுக்கு முன்னர் நடந்த சம்பவம் இது. அன்றிரவு கடமையில் இருந்த செய்தி ஆசிரியர் நான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மறைவுச் செய்தியைப் படத்துடன் பக்கத்தில் சேர்த்திருந்தோம். பக்கம் அச்சுக்குப் போகச் சில நிமிடங்களே இருந்தன. அந்த இளைஞர் பக்கப் பிரதியுடன் எனது மேசையருகே வந்து தயங்கி நின்றார்.

"சேர், இது எங்களுக்குப் படிப்பிச்ச மாஸ்ரர் இல்லைப் போல கிடக்கு. அவருடைய தம்பியின்ரை படமெண்டு நினைக்கிறன்."

நான் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உம்முடைய வேலை எழுத்துப்பிழை பார்க்கிறது. அதைப் பாரும்" என்றேன். அவர் போய்விட்டார். பக்கமும் போய்விட்டது.

சில நாட்களின் பின்னர், அண்ணனின் இறுதிக்கிரியைகளை முடித்துக்கொண்டு அந்தத் தம்பியாரே காரியாலயத்துக்கு வந்தார். மடித்த பத்திரிகை கையில் இருந்தது. "தம்பி, நான் உயிரோடைதான் இருக்கிறன். என்ரை மகள் பேப்பரைப் பாத்து மயங்கி விழுந்திட்டாள்" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

வருத்தந் தெரிவித்து மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். அந்த இளைஞரைத் தனியே அழைத்து, "நீர் ஏன் இன்னொருக்கால் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சேர் சொன்ன பிறகு நான் என்ன சொல்லுறது?" என்றார். பிழை எங்கே நேர்ந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் பிழை ஒரு திருத்தத்துடன் முடிந்தது. எல்லாத் துறைகளிலும் அப்படி முடிவதில்லை. 1977 மார்ச் 27ஆம் திகதி கனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபேயின் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். கடும் பனிமூட்டம், வானொலித் தொடர்பில் ஏற்பட்ட குழப்பம் எனக் காரணங்கள் பல. ஆயினும், மேலெழுவதற்கு ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தின் விமானி அறையில் நடந்தது கவனத்துக்குரியது. தலைமை விமானி அந்நிறுவனத்தின் 747 விமானிகளுக்கே பயிற்சியளித்தவர். விளம்பரங்களில் இடம்பெற்ற முகம். துணை விமானியோ 747 செலுத்துவதற்கான தகுதியை ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவரிடமே பெற்றவர். ஓடுபாதையில் மற்றைய விமானம் இன்னமும் நிற்கிறதோ என்று விமானப் பொறியியலாளர் ஐயத்துடன் கேட்டார். இல்லை என்னும் பொருள்பட உறுதியாகப் பதில் கூறினார் தலைமை விமானி. அதற்குமேல் எவரும் பேசவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த பின்னர், 1979இல் நாசா நடத்திய பயிலரங்கு ஒன்றிலிருந்து புதியதொரு பயிற்சிமுறை உருவானது. மேலதிகாரியிடம் ஐயத்தைத் தெளிவாக எடுத்துரைக்க இளையவர்களுக்கும், அதனைச் செவிமடுக்கத் தலைமை விமானிகளுக்கும் கற்பிக்கப்பட்டது. 1981இல் அதனை நடைமுறைப்படுத்திய யுனைட்டெட் நிறுவனத்தின் டி.சி.10 விமானமொன்று 1989 ஜூலை 19ஆம் திகதி நடுவானில் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் அனைத்தையும் இழந்தது. தலைமை விமானி அல் ஹெயின்ஸ், பயணியாக வந்திருந்த, பயிற்சியளிக்கும் சக விமானியையும் அறைக்குள் அழைத்து, எல்லோரது யோசனைகளையும் கேட்டே விமானத்தைச் சூ நகரில் இறக்கினார். தரையில் மோதி உடைந்த அந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 180க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். அந்தப் பயிற்சி இல்லாவிடில் இது சாத்தியமாகியிராது என்பதே ஹெயின்ஸின் கருத்து.

எல்லோருக்கும் இடங்கொடுத்தால் அதிகாரம் என்னாவது என்று சிலர் கேட்பதுண்டு. ஹெயின்ஸ் கடைசிவரை தலைமை விமானியாகவே இருந்தார். முடிவும் அவருடையது, பொறுப்பும் அவருடையது. கேட்டதனால் அவரது அதிகாரம் குறைந்துவிடவில்லை.

நம்மவர் மத்தியில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. மூத்தவருக்கு மறுத்துப் பேசாமையை மரியாதை என்று சிறுவயதிலிருந்தே பழக்கிவிடுகிறோம். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனையே வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் போற்றுகிறார். அந்தக் குறளை மேடைகளில் முழங்குவோரின் காரியாலயங்களில்கூட ஊழியர்கள் வாய்திறக்க அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன்.

அந்தச் சம்பவத்தின் பின்னர் சில பழக்கங்களை நான் வலிந்து ஏற்படுத்திக்கொண்டேன். ஆசிரியபீடக் கூட்டங்களில் எனது அபிப்பிராயத்தைக் கடைசியிலேயே சொல்வேன்; முதலிற் சொன்னால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். "எல்லாம் சரிதானே?" என்று கேட்பதை விட்டு, "நான் எதைக் கவனிக்கத் தவறினேன்?" என்று கேட்பேன். பிழையைச் சுட்டிக்காட்டியவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வேன், அவர் சொன்னது தவறாக இருந்தாலுங்கூட. பக்கம் முடிக்கும் அவசரத்தில் இது எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆனால், செலவாவது ஒரு நிமிடந்தான். அன்று அந்த ஒரு நிமிடத்தை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் உயிரோடு இருந்த மனிதரை நான் இறந்தவராக்கினேன்.

உங்கள் வேலைத்தலத்தில் உங்களுக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் "இது பிழை" என்று கடைசியாக உங்களிடம் சொன்னது எப்போது? ஞாபகத்துக்கு வரவில்லையெனில், நீங்கள் பிழைவிடாதவர் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அங்கேயும் யாரோ ஒருவர், சேர் சொன்ன பிறகு என்ன சொல்வதென்று திரும்பிப் போயிருக்கக்கூடும்.