சூனியக் குற்றமும் நம் பணிப்பெண்களும்

வரைவிலக்கணமில்லாத குற்றத்துக்கு மரண தண்டனை விதிப்பது நீதியாகுமா? சவூதி அரேபியாவில் இதுவே நடந்துள்ளது. சூனியம் இன்னதென்று எழுத்துச் சட்டம் எதுவும் வரையறுக்காத நிலையில், நீதிபதி கொண்டதே சூனியமாயிற்று. அங்கே தொழில் புரிந்த எகிப்திய மருந்தாளர் முஸ்தபா இப்ராஹிமின் தலை 2007 நவம்பரில் றியாத்தில் வெட்டப்பட்டது. அவரிடம் கண்டெடுத்த புத்தகங்கள், மெழுகுவர்த்தி, மூலிகை ஆகியவை சான்றுகளாம்! சூடானியர் அப்துல் ஹமீத் அல்-பக்கிக்கும் 2011 செப்டெம்பரில் மதீனாவில் அதே கதி.

இது அயலார் கதையன்று. 2012 இல் ஜித்தாவின் கடைத்தொகுதி ஒன்றில் பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்திக்குச் சூனியம் வைத்ததாக இலங்கைப் பெண்ணொருவர் கைதானார். அவர் அருகில் வந்தபின் மகளின் நடத்தை மாறியதென்பதே தகப்பனின் முறைப்பாடு.

நம் தாய்மார் பயணத்துக்கு முன் மந்திரித்த நூல் கட்டிவிடுவர், அச்சரக்கூடு அணிவிப்பர். கிழக்கிலும் மலையகத்திலும் இது நடவாத வீடு எது? அந்த நூலே அங்கு சான்றாகலாம். நாம் இஸ்லாத்தைப் பழிக்கவில்லை; செய்வினைக்கு அஞ்சுவோர் நம்மிடையிலும் உளர். ஆயினும் அச்சத்தை வாளிடம் ஒப்படைத்தலையே எதிர்க்கிறோம்.

2016 இல் மதக் காவலர் கைது அதிகாரத்தை இழந்தனர். நன்று. நீதிமன்றின் அதிகாரமோ அதனால் குறையவில்லை.

1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்பு கொள்ளும் உரிமையை அளிக்கிறது. பணிப்பெண் அனுப்பும் பணத்தை எண்ணத் தெரிந்த கொழும்பு அரசாங்கம், கைதான முதல் நாளே அவளுக்குச் சட்டத்தரணியையும், அவள் மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பட்டும். அனுப்புவதாக எழுத்தில் உறுதி தரட்டும். அதையே நாம் கேட்கிறோம்.