ஊருக்காக ஒரு வழக்கு

திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டின் கீழே உள்துறைமுகம் விரிந்து கிடக்கின்றது. துறைமுகத்தின் மறுபுறம் சீனன்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்க் குதங்களும் உள்ளன. அதற்கும் அப்பால் கிண்ணியாவும் மூதூரும் இருக்கின்றன. இங்கே வலை வீசும் தமிழ் மீனவருக்கும் முஸ்லிம் மீனவருக்கும் கடல் ஒன்றே. அது கெட்டுப்போனால் நேரும் இழப்பும் ஒன்றே. நாளை ஒரு கப்பலில் இருந்தோ ஒரு குதத்தில் இருந்தோ எண்ணெய் கசிந்து ஆயிரம் குடும்பங்களின் தொழில் ஒரு பருவம் முழுவதும் முடங்குமானால், அவர்கள் எந்த நீதிமன்றத்தின் படியேறுவது? எவ்வாறு ஏறுவது?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பின்னர் மூழ்கியது. அதிலிருந்து வெளியேறிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையோரத்தை மூடின. கரையோர மக்களின் தொழில் நின்றது. 2025 ஜூலை 24ஆம் திகதி எமது நாட்டின் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயின் லண்டன் கடல்சார் நீதிமன்றமோ 2023இலேயே அத்தரப்பின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணாக மட்டுப்படுத்தியிருந்தது. கொழும்புத் தீர்ப்பின்படி பணம் செலுத்த இயலாது எனக் கப்பல் நிறுவனமும் 2025 செப்டெம்பரில் அறிவித்தது. தீர்ப்புப் பெறுவது ஒன்று. அதன் பயனைக் கையில் பெறுவது மற்றொன்று என்பதை இது உணர்த்துகின்றது.

பலருக்கு நேர்ந்த தீங்கிற்காக ஒரே வழக்கைத் தொடுக்கும் வழி இலங்கைச் சட்டத்தில் இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு, பொதுவான அக்கறை கொண்ட பலருள் ஒருவரோ சிலரோ நீதிமன்றத்தின் அனுமதியுடன் அனைவர் சார்பிலும் வழக்காட இடமளிக்கின்றது. வழக்குத் தொடுக்கப்பட்டமை பற்றி ஏனையோருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். நேரில் கொடுக்க இயலாத அளவிற்கு அவர்கள் பலராயின் பகிரங்க விளம்பரம் போதும். இந்தியாவிலும் இதனையொத்த விதி உண்டு.

அவ்வாறாயின் மக்கள் ஏன் இவ்வழியை நாடுவதில்லை? முதலாவது, செலவு. அறிவித்தலுக்கான செலவை அனுமதி கோருபவரே ஏற்க வேண்டும். இரண்டாவது, 'பொதுவான அக்கறை' என்ற சொல்லின் குறுகிய பொருள். ஒருவருக்கு வலை பாழானது. மற்றவருக்கு மூன்று மாத வருமானம் போனது. இழப்பின் அளவு ஆளுக்காள் வேறுபடும்போது ஒரே வழக்கில் நட்டஈடு கோருவது கடினமாகின்றது. 2021 நவம்பரில் கூகுளுக்கு எதிராக இலட்சக்கணக்கான ஐபோன் பாவனையாளர் சார்பில் ஒருவர் தொடுத்த வழக்கைப் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தடுத்தமைக்கும் இதுவே முக்கிய காரணம். மூன்றாவது, காலவரையறை. தீங்கிற்கான நட்டஈட்டு வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்பட வேண்டும்.

ஆகவேதான் எமது மக்கள் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவையே பெரிதும் நாடுகின்றனர். அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சம்பூர் அனல் மின்நிலையத்திற்கு எதிராகச் சுற்றுச்சூழல் அமைப்பொன்று தாக்கல் செய்த மனு விசாரணைக்கு வந்தபோது, அத்திட்டம் கைவிடப்படுவதாக 2016இல் அரச தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்தமை தொடர்பில், பொதுநல மனு ஒன்றின் மீது 2019 ஏப்ரலில் அதே நீதிமன்றம் 2 கோடி ரூபாவை நட்டஈடாக அந்நிறுவனம் செலுத்தப் பணித்தது.

எனினும் இவ்வழியிலும் தடைகள் உள்ளன. மனு ஒரு மாதத்திற்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். நிருவாகத்துறையின் செயலோ செயலின்மையோ அதில் தொடர்புபட்டிருக்க வேண்டும். தனியார் நிறுவனம் மட்டும் தவறிழைத்த இடத்தில் இக்கதவு இலகுவில் திறக்காது. மேலும், 2 கோடி ரூபா என்பது பெருந்தொகையாகத் தோன்றினும், பாழான கிணறுகளின் எண்ணிக்கையால் அதனை வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்திற்குக் கிடைப்பது சொற்பமே.

இந்நிலையில் 16ஆம் பிரிவு காலத்திற்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும். வழக்கை இரு கட்டங்களாகப் பிரிக்கலாம். தவறிழைத்தவர் யார் என்பது முதலில் அனைவருக்கும் பொதுவாகத் தீர்மானிக்கப்படட்டும். யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது பின்னர் தனித்தனியே கணிக்கப்படட்டும். வறியவர் வழக்குகளில் அறிவித்தற் செலவை முதலில் அரசு ஏற்கட்டும். அறிவித்தல் மக்களின் மொழியில், கோவிலிலும் பள்ளிவாசலிலும் மீனவர் சங்கத்திலும் ஒட்டப்படட்டும்.

வர்த்தக நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறும் சட்டத்தரணிகள் இதனை அச்சத்துடன் நோக்க வேண்டியதில்லை. ஆயிரம் வழக்குகளை ஆண்டாண்டு காலம் எதிர்கொள்வதிலும் பார்க்க, ஒரே வழக்கில் ஒரே தீர்வை எட்டுவது நிறுவனத்திற்கும் அதன் காப்புறுதியாளருக்கும் இலாபமே. வழக்கு வரும் என்ற எண்ணமே முன்னெச்சரிக்கைக்கு வழிவகுக்கும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பிடித்த மீனின் கணக்கு, விற்பனைப் பற்றுச்சீட்டு, கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பேணாதவர் எந்த நீதிமன்றத்திலும் இழப்பை நிரூபிக்க இயலாது. துன்பம் வந்தபின் தமிழர் ஒரு சங்கமாகவும் முஸ்லிம்கள் மற்றொரு சங்கமாகவும் தனித்தனியே மனுக் கொடுப்பதால் வலுவிழப்பது இரு சாராருமே. கடல் எம்மைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அக்கடலுக்காகத் தொடுக்கப்படும் வழக்கிலும் நாம் பிரிந்து நிற்கத் தேவையில்லை.